பஞ்சலிங்கத்தாரின் இருபத்தாறு துளைகள்

பஞ்சலிங்கத்தாருக்கு இங்கிலீசு தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், கொக்குவிலில் அந்தக் காலத்தில் ஒருவரைப் பற்றிக் கதை எடுத்தால் முதலில் வரும் கேள்வியே அதுதான். எத்தனையாம் வகுப்பு, என்ன பாஸ், கொழும்பிலா மலாயாவிலா உத்தியோகம்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாதவரை ஊர் ஒரு பொருட்டாக எடுக்காது. பஞ்சலிங்கத்தாரிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பாஸ்காரரைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் அப்போது கொக்குவில் ஸ்டேசனில் டிக்கற் கிளார்க். பெயர் சோமசேகரம். ஸ்டேசனிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வாசிகசாலை. அதற்கு நான் செயற்குழு உறுப்பினரும்கூட. உறுப்பினர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தலைவர் கையை உயர்த்தும்போது நாங்களும் உயர்த்துவோம், அவ்வளவுதான்.

பஞ்சலிங்கத்தார் சண்டிலிப்பாய்ப் புகையிலைக் கமக்காரர் ஒருவரின் மகன். ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது தகப்பன் போய்ச் சேர, புத்தகத்தை வைத்துவிட்டுத் தோட்டக் கிணற்றில் துலா மிதிக்கப் போனவர். கொக்குவிலில் நல்லம்மாவைக் கல்யாணம் முடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து குடியேறினார். இருபத்தொன்பதாம் ஆண்டு வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். அவர் போய்க் கேட்டார், கொடுத்தார்கள்.

விடியப்புறம் கொழும்பு மெயிலில் வரும் பத்திரிகைகளை என்னிடம் வாங்கிப்போவார். கதவைத் திறந்து, கூட்டி, இருக்கிற வாங்குப் பலகைகளைத் துடைத்து, பத்திரிகைகளை விரித்து வைப்பார். பகல் பூட்டுவார், பின்னேரம் மறுபடி திறப்பார். இருப்பதற்கு அவருக்குக் கதிரை கிடையாது. உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் இருப்பார். வாசிகசாலைப் பூட்டின் திறப்பு, அதாவது சாவி, அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் அதைக் கழற்றமாட்டார் என்று நல்லம்மா சொல்லிச் சிரிப்பாள். சம்பளம் சொல்லும்படி இல்லை. ஆனால் அந்தத் திறப்பு இடுப்பில் இருக்கும்வரைதான் தானும் ஒரு ஆள் என்று அவர் நினைத்திருந்தார். அதை அவரே ஒருநாள் என்னிடம் வாய்விட்டுச் சொன்னார்.

எங்கள் வாசிகசாலையின் தலைவர் இராசநாயகம். மலாயா ரெயில்வேயில் இருந்து பென்சன் எடுத்து வந்தவர். அவரும் இன்னும் நாலைந்து பென்சன்காரரும் இங்கிலீசு மேசையைச் சுற்றி இருந்து, கொழும்புப் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியைப் பிய்த்து உதறிக்கொண்டிருப்பார்கள். அந்த வருசங்களில் அது ஒரு வியாதி போலப் பரவியிருந்தது. குறுக்கெழுத்து முடிந்தால் சொல் விளையாட்டு. மூன்று எழுத்தை ஒருவர் சொல்ல, அந்த மூன்றும் உள்ள சொல்லை மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சொல் வராவிட்டால் தலையைச் சொறிவார்கள். அப்படியும் வராவிட்டால் சவர்க்காரப் பெட்டிப் பக்கம் திரும்பிச் சத்தம் போடுவார்கள்.

“பஞ்சலிங்கம்! அஞ்செழுத்து. நாலாவது எக்ஸ், கடைசி வை. பார்!”

இங்கிலீசு தெரியாத மனிதரை எப்படிப் பார்க்கச் சொன்னார்கள் என்று கேட்பீர்கள். இருபத்தாறு எழுத்தும் அவருக்கு அடையாளம் தெரியும். அகராதியை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, எழுத்தை எண்ணி, எக்ஸும் வையும் சரியான இடத்தில் நிற்கிறதா என்று விரலால் ஓடி ஓடிப் பார்ப்பார். அகப்பட்டதும் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார். “ஆ, இதுதானே! என்ரை நாக்கு நுனியிலை நிண்டது!” என்பார் இராசநாயகம். புரட்டுவது இவர் வேலை, பேர் அவருக்கு. நாலு வருசம் இந்தக் கூத்து நடந்தது.

முப்பத்துமூன்றாம் ஆண்டு புகையிலை வெட்டுக்குச் சண்டிலிப்பாய்க்கு, தன் தமையன் வீட்டுக்குப் போயிருந்தார். புகையிலையை நாரில் கோர்த்துப் புகைக்குடிலுக்குள் தொங்கவிடுவார்கள். கோர்த்த துளை விளிம்புவரை கிழிந்த இலை நாரில் நிற்காது, நழுவி விழுந்துவிடும். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கண்ட விசயம். அன்றைக்கு ஒரு இலை விழுந்தபோது அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாராம். “என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?” என்று தமையன் கேட்டாராம். இவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு கொக்குவிலுக்கு நடந்துவிட்டார்.

அவர் செய்தது இதுதான். ஒரு முழ நீளத்துக்குப் பனையோலையை நறுக்கி, அவித்து, காயவைத்து, மேல் விளிம்போரமாக வரிசையாக இருபத்தாறு துளை இட்டார். முதல் துளை ஏ, இரண்டாவது பி, இருபத்தாறாவது இஸட். நறுக்கின் நடுவே அகராதியில் உள்ள ஒரு சொல்லை ஆணியால் கீறிக் கரி தேய்த்தார். அந்தச் சொல்லில் என்னென்ன எழுத்து இருக்கிறதோ, அந்தத் துளைகளை மட்டும் கத்தரிக்கோலால் விளிம்புவரை வெட்டித் திறந்துவிட்டார். ஒரு சொல்லுக்கு ஒரு நறுக்கு. இப்போது நறுக்குகளைக் கட்டாக அடுக்கி, எக்ஸ் துளைக்குள் ஒரு கம்பியை ஓட்டித் தூக்கி உதறினால், எக்ஸ் உள்ள சொல்லெல்லாம் பொலபொலவென்று கீழே விழும். மற்றவை கம்பியில் தொங்கும். விழுந்தவற்றை அள்ளி அடுத்த எழுத்தின் துளையில் கோர்த்து இன்னொரு உதறல். கடைசியில் கீழே கிடப்பதுதான் கேட்ட சொல். இங்கிலீசு தெரிய வேண்டியதில்லை. கம்பியும் கையும் போதும்.

அந்தக் கம்பி எங்கிருந்து வந்தது தெரியுமா? இராசநாயகம் பினாங்கில் வாங்கி, உடைந்துபோனதால் வாசிகசாலைப் பின்புறம் எறிந்த குடையின் கம்பி. துளை இட்டதும் அதே குடைக் கம்பியைச் சூடாக்கித்தான்.

நாலெழுத்துச் சொல் ஒரு பக்கம், ஐந்து ஒரு பக்கம், ஆறு, ஏழு என்று தனித்தனிக் கட்டுகள். ஐந்து வருசம் எழுதினார். பிழையாக வெட்டுப்பட்ட நறுக்குகளை நல்லம்மா மாட்டுக்குப் போடுவாள். எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு ஓலை கிழித்துப் போடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. “இஞ்சேருங்கோ, எங்கடை மாடு உங்களை விட இங்கிலீசு படிச்சிட்டுது” என்பாளாம்.

வாசிகசாலைக்குள் ஒருவருக்கும் இது தெரியாது. கட்டுகளைப் பின் அறையில் வைத்திருந்தார். எழுத்தைச் சொன்னதும் உள்ளே போவார், கொஞ்ச நேரம் சரசரவென்று சத்தம் கேட்கும், சொல்லோடு வருவார். பென்சன்காரர்கள் அதை ஒரு அதிசயமாகவே எடுக்கவில்லை. நாளாக நாளாக நாயும் எசமான் பேச்சை விளங்கிக்கொள்ளும் என்று அவர்களில் ஒருவர் என் காது கேட்கச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.

முப்பத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் செயற்குழு கூடியது. இராசநாயகம் எழும்பி, வாசிகசாலை வளர்ந்துவிட்டது, இனி இங்கிலீசு படித்த ஒரு லைபிரேரியன் வேண்டும், அவருக்கு மேசை கதிரை வேண்டும் என்று நீளமாகப் பேசினார். அவருடைய தங்கையின் மகன் தில்லைநாதன் லண்டன் மெற்றிக்குலேசன் பாஸ் பண்ணிவிட்டு இரண்டு வருசமாக வேலையில்லாமல் இருந்தான். மாமன் எங்கே வருகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கதிரைக்குத் தச்சனிடம் முதலே சொல்லியாயிற்று என்றும் பிறகு அறிந்தேன். கை உயர்த்தச் சொன்னார். எல்லாரும் உயர்த்தினோம். நானும் உயர்த்தினேன். சவர்க்காரப் பெட்டியில் இருந்தபடி பஞ்சலிங்கத்தார் என் கையைப் பார்த்தார். இதை எழுதும்போதும் அந்தக் கை எனக்குக் கூசுகிறது.

“பஞ்சலிங்கம், பொங்கலுக்குப் பிறகு திறப்பைத் தம்பியிட்டைக் குடுத்துவிடு” என்றார் தலைவர்.

அவர் எழும்பி நின்றார். அந்த அறையில் அவர் தானாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஐயா, ஒரு கதை. கேட்ட சொல்லைத் தேடித் தாறதுதானே இஞ்சத்தை வேலை? என்னையும் தம்பியையும் ஒரு மேசையிலை இருத்தி, ஆர் கூடத் தேடித் தாறதெண்டு பாருங்கோ. நான் தோத்தால் திறப்பை நானே அவிட்டுத் தம்பியின்ரை கையிலை தாறன்.”

“உனக்கு இங்கிலீசு தெரியாதெல்லே?”

“ஓம் ஐயா. தெரியாது.”

“பேந்தென்னண்டு வெல்லப் போறாய்?”

“வைச்சுப் பாருங்கோவன்.”

அறை கொல்லென்று சிரித்தது. சிரித்த சிரிப்பிலேயே சம்மதமும் வந்துவிட்டது. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உறுப்பினர், சொல்லுக்கு எத்தனை எழுத்து என்பதையும் அதில் இருக்க வேண்டிய எழுத்துகளையும் சொல்வார். ஐந்து நிமிசத்துக்குள் தரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புள்ளி. வாசிகசாலை அகராதியில் இல்லாத சொல்லைத் தந்தால் ஒரு புள்ளி குறையும். ஸ்டேசன் மணிக்கூடு என்னிடம் இருந்தபடியால் நடுவர் நான்.

மார்கழி வந்தது, மழையும் வந்தது. அந்த வருசம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பின் அறைக் கூரை ஒழுகி, நாலெழுத்துக் கட்டுகள் நனைந்துவிட்டன. பஞ்சலிங்கத்தார் அவற்றைப் பதறிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோய், அவிழ்த்து, மாட்டுக்கொட்டிலில் பாய் போட்டு உலரவிட்டார். பக்கத்திலே கழித்துவிட்ட நறுக்குகளும் ஒரு குவியலாகக் கிடந்தன. அடுத்த நாள் பகல், அது பத்திரிகை எடுக்க வருகிற நேரமுமல்ல, மழைக்குள் குடையுமில்லாமல் என் டிக்கற் யன்னலுக்கு முன் வந்து நின்றார்.

“தம்பி, நாலெழுத்து முழுக்க மாடு திண்டிட்டுது.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனிதருக்கு விசர் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் புகைக்குடில், துளை, கம்பி என்று எல்லாவற்றையும் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னார். ரெயில் இல்லாத நேரம். கதவைச் சாத்திவிட்டு அவரோடு போனேன்.

நல்லம்மா கொட்டில் வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். மழைக்கு ஆரும் பனையில் ஏறிப் பச்சோலை வெட்டவில்லை. மாடு பசியில் கத்தியிருக்கிறது. கழித்த ஓலை என்று நினைத்துப் பாயில் இருந்ததை அள்ளி, கழனித் தண்ணீரில் ஊறவைத்து, கடகம் கடகமாகப் போட்டிருக்கிறாள்.

“நான் பாழாய்ப் போவன் தம்பி! ரெண்டும் ஒரே மாதிரிக் கிடந்துது. இவரின்ரை அஞ்சு வருசத்தை நான் மாட்டுக்கு ஊட்டிப்போட்டன்” என்று அழுதாள்.

மாடு அசைபோட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது. கடைவாயில் ஒரு நறுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்து எடுத்துப் பார்த்தேன். துளைகள் ஒழுங்காக, ஒன்றுக்கொன்று சரி இடைவெளியில் இருந்தன. ஐந்து வருசம் ஒரு மனிதன் இதைச் செய்திருக்கிறான், நானோ கையை உயர்த்திவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அண்ணை, எத்தினை சொல்?”

“ஆயிரத்துச் சொச்சம்.”

“போட்டிக்கு இருபது நாள் கிடக்கு. திரும்ப எழுதுவம்.”

நடுவர் ஒரு பக்கம் சாயலாமா என்று கேட்காதீர்கள். சாய்ந்தேன். இன்றைக்கும் சாய்வேன்.

மழையில் ஓலை காயாதே என்ற கவலையைச் சண்டிலிப்பாய் தீர்த்தது. புகையிலை இன்னும் வெட்டுக்கு வராததால் தமையனின் புகைக்குடில் சும்மா கிடந்தது. அவித்த ஓலையை அதற்குள் தொங்கவிட்டுத் தென்னம்மட்டைப் புகை போட்டார்கள். மூன்று நாளில் சுக்காகக் காய்ந்து வந்தது. நாற்றம் மட்டும் போகவில்லை. பழைய புகையிலையும் தென்னம்மட்டையும் சேர்ந்த ஒரு காரம், பக்கத்தில் வைத்தாலே தும்மல் வரும்.

பகல் ரெயில் போனதற்கும் பின்னேர ரெயில் வருவதற்கும் இடையில் எனக்கு மூன்று மணித்தியாலம் ஓய்வு. வாசிகசாலையும் அப்போது பூட்டிக் கிடக்கும். பின் கதவால் மூவரும் உள்ளே போவோம். நல்லம்மா வாசிகசாலைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பெண்கள் வரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஒருத்தியும் வந்ததில்லை, அவ்வளவுதான். நான் அகராதியைப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொல்வேன். அவர் கீறுவார். அவள் நிலத்தில் இருந்து வெட்டுவாள். அவளுக்கு எழுத்தும் தெரியாது. பஞ்சலிங்கத்தார் அதை இலக்கமாக மாற்றிச் சொல்லிக் கொடுப்பார்: மூன்று, பதினைந்து, பதினான்கு, ஐந்து. டக், டக், டக், டக். நாலைந்து நாளில் நான் எழுத்தைச் சொல்லி வாய் மூடுமுன் அவள் கை வெட்டி முடித்துவிடும்.

கடைசி நாள் இஸட் பக்கத்துக்கு வந்தபோது பின்னேர ரெயிலுக்குக் கைகாட்டி விழுந்துவிட்டது. எனக்கு ஓடவேண்டும்.

“இஸட்டை விடுங்கோ அண்ணை. ஆர் இஸட்டைக் கேக்கப் போறான்? எல்லாமாப் பத்துச் சொல்லும் இராது.”

பஞ்சலிங்கத்தாரும் களைத்துப்போய் ஆணியைக் கீழே வைத்தார். நல்லம்மா கத்தரிக்கோலை வைக்கவில்லை.

“மாடு பாத்துப் பாத்தோ திண்டது? திண்டது முழுக்க எழுதவேணும். ஒண்டும் விடப்பிடாது. நீங்கள் சொல்லுங்கோ தம்பி, நான் கெதியா வெட்டுறன்.”

அவள் சொன்ன விதத்தில் என்னால் மறுக்க முடியவில்லை. கருத்தெல்லாம் பார்க்காமல் எழுத்துகளை மட்டும் கடகடவென்று ஒப்புவித்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஸ்டேசனுக்கு ஓடினேன்.

போட்டி நாளன்று வாசிகசாலை நிரம்பி, யன்னல்களிலும் தலைகள். வேலிக்கு அப்பால் வேப்பமரத்தடியில் பெண்கள் கூட நின்றார்கள். தச்சன் அன்று காலைதான் புதுக் கதிரையைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். மெழுகு பூசிய வேப்பமரக் கதிரை. தில்லைநாதன் அதில் இருந்தான். அவனுக்கு எதிரே பஞ்சலிங்கத்தார் சவர்க்காரப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பின் அறையிலிருந்து கட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கியதும் சனம் மூக்கில் விரல் வைத்தது. புகைக்குடில் நாற்றம் அறை முழுக்கப் பரவ, இராசநாயகம் மூன்று முறை தும்மினார்.

“என்ன உது? பஞ்சாங்கமோ?”

“என்ரை அகராதி ஐயா.”

முதல் சுற்று: நாலெழுத்து, ஜேயும் கேயும் இருக்க வேண்டும். தில்லைநாதன் கெட்டிக்காரன், பொய் சொல்லக் கூடாது. பேனை நிற்காமல் ஓடியது. ஜேயில் தொடங்கும் சொல்லெல்லாம் அவன் வாயில் வரிசையாக நின்றன. பஞ்சலிங்கத்தார் கட்டை இழுத்து எடுத்தார். கம்பியை ஓட்டினார், புது நறுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழ மறுத்தன. உதறினார், உதறினார். மணி அடிக்கும்போது அவருடைய பக்கத்தில் இரண்டே இரண்டு. தில்லைநாதனிடம் ஐந்து. இரண்டாவது சுற்றிலும் அவன் இரண்டு சொல் கூடத் தந்தான். ஐந்து புள்ளி பின்னால். யன்னலில் நின்ற யாரோ “ஓலை வித்துப் பிழைக்கலாம்” என்று சத்தமாகச் சொன்னான்.

பஞ்சலிங்கத்தார் மேல்துண்டால் கையைத் துடைத்தார். அடுத்த கட்டை எடுத்து, சீட்டுக் கட்டை விசிறுவதுபோல ஒருமுறை விசிறி, நறுக்குகளைப் பிரித்துவிட்டார். எனக்கு அப்போது உயிர் வந்தது.

மூன்றாம் சுற்று ஐந்தெழுத்து, எக்ஸும் பியும். தில்லைநாதன் பேனையைக் கடித்தான். அவன் சொல்லை முதல் எழுத்திலிருந்து பிடிக்கப் பழகியவன். எக்ஸ் நடுவில் எங்கோ ஒளித்திருந்தால் என்ன செய்வான்? ஓலைக்கு முதலும் தெரியாது, நடுவும் தெரியாது, துளை வெட்டியிருந்தால் விழும். கம்பி போனது, உதறல், பொலபொலவென்று விழுந்தது. அள்ளினார், அடுத்த துளை, இன்னொரு உதறல். வேப்பமரத்தடியில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தச் சுற்றில் மூன்று புள்ளி கூட. நாலாம் சுற்று ஏழெழுத்து; அதில் இரண்டு கூட. சரிக்குச் சரி. சனத்தின் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

ஐந்தாம் சுற்றுக்கு எழுத்துச் சொல்ல வேண்டியவர் இராசநாயகம். முகம் சிவந்திருந்தது. அகராதியே திணறும்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்று யோசித்திருக்க வேண்டும்.

“நாலெழுத்து. இஸட், பி, யூ. மூண்டும் இருக்கவேணும்.”

தில்லைநாதன் ஒரு நிமிசத்துக்குள் ஒன்று எழுதினான்: வண்டு இரைகிற சத்தத்துக்குச் சொல்லும் சொல். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பஞ்சலிங்கத்தார் இருபத்தாறாம் துளையில் கம்பியை ஓட்டினார். முப்பது நறுக்கு அளவில் விழுந்தது. அவற்றை இரண்டாம் துளையில் கோர்த்து உதறினார். இரண்டே இரண்டு விழுந்தன. இருபத்தோராம் துளையிலும் அந்த இரண்டும் விழுந்தன. ஒன்று தில்லைநாதன் எழுதிய அதே வண்டுச் சொல். மற்றதை என்னிடம் நீட்டினார். எழுத்தெழுத்தாக வாசித்தேன்: இஸட், இ, பி, யூ.

“ஸீபு?” என்றார் இராசநாயகம். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “ஸீபுவாம்! நான் முப்பது வருசம் வெள்ளைக்காரனோடை வேலை செய்தனான். அப்பிடியொரு சொல் இல்லை. எழுத்தைக் கூட்டிப் போட்டால் இங்கிலீசாகிடுமோ? ஒரு புள்ளியைக் குறைச்சுவிடும், சோமசேகரம். தம்பி வெண்டிட்டான்.”

அந்தச் சொல்லை எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன் நான். ரெயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் நான் பிழையாகச் சொல்லியிருந்தால்? இரண்டு வரியைக் கலந்து வாசித்திருந்தால்? பஞ்சலிங்கத்தார் என்னைப் பார்க்கவில்லை. நறுக்கைத் திருப்பி அந்த நாலு வெட்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“அகராதியைப் பாருங்கோ தம்பி” என்றார் அமைதியாக. “அதிலை இல்லாத ஒண்டையும் நாங்கள் எழுதேல்லை.”

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தைத் திறந்தேன். விரல் வரி வரியாக இறங்கியது. நின்றது. கருத்தை வாசித்தேன். மறுபடி வாசித்தேன், இந்த முறை தமிழில், யன்னல் வரைக்கும் கேட்கும்படி:

“ஸீபு. இந்தியாவிலும் இலங்கையிலும் வளர்க்கப்படுகிற, முதுகிலே திமில் உள்ள மாடு!”

முதலில் சிரித்தது பஞ்சலிங்கத்தார். ஒன்பது வருசத்தில் அந்த மனிதர் பல் தெரியச் சிரித்து நான் கண்டதில்லை. மேசையில் கவிழ்ந்து, தோள் குலுங்க, கண்ணீர் வழியச் சிரித்தார். அறைக்குள் அவரைத் தவிரக் கதை தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. சனம் என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்து ஆர்ப்பரித்தது. வேப்பமரத்தடியிலிருந்து நல்லம்மாவின் குரல் வந்தது.

“என்னவாம் தம்பி? என்ன சொல்லாம்?”

“மாடு அக்கா! மாட்டாலை வெண்டிட்டார்!”

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இராசநாயகம் விடுகிற ஆள் இல்லை. அடுத்த பக்கத்தால் வந்தார்.

“சரி, சொல் கிடக்கு. உனக்கு அதின்ரை கருத்துத் தெரிஞ்சதோ? சொல்லு பாப்பம்.”

“தெரியாது ஐயா. கருத்து உங்களுக்குத் தெரியும். சொல்லைத் தேடித் தாறதுதான் என்ரை வேலை.” கொஞ்சம் நிறுத்தி, “இந்தச் சொல்லின்ரை கருத்து மட்டும் இனி மறக்கமாட்டன்” என்றார்.

தில்லைநாதன் கதிரையை விட்டு எழும்பினான். நல்ல பெடியன். “மாமா, விடுங்கோ. நான் தோத்திட்டன்” என்று சொல்லிவிட்டு, ஓலை ஒன்றைக் கையில் எடுத்து, துளைகளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த மாசி மாதம் அவனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது.

செயற்குழு அந்த இடத்திலேயே கூடியது. திறப்பு பஞ்சலிங்கத்தாரிடமே இருக்கட்டும் என்பவர்கள் கை உயர்த்தச் சொன்னேன். தலைவரைப் பார்க்காமல் முதலில் உயர்ந்தது என் கை. எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணத் தேவையிருக்கவில்லை. பெரியவர் ஒருவர் புதுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்து, “இருங்கோ பஞ்சலிங்கத்தார்” என்றார். அந்த அறையில் அவரை இருங்கோ என்று ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். அவர் கதிரையின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். இருக்கவில்லை. கட்டுகளை அடுக்கி, கதவைப் பூட்டி, திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் பகல் ரெயிலை அனுப்பிவிட்டு, பழக்க தோசத்தில் வாசிகசாலைப் பின் கதவால் உள்ளே போனேன். நல்லம்மா புதுக் கதிரையில் நிமிர்ந்து இருந்து எட்டெழுத்துச் சொற்களை வெட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சலிங்கத்தார் பக்கத்தில் சவர்க்காரப் பெட்டியில் இருந்து ஒவ்வொரு நறுக்காகக் கீறி நீட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவள் துடித்துப் பதைத்து எழும்பப் பார்த்தாள்.

“இரு நல்லம்மா,” என்றார் அவர். “அது உன்ரை கதிரை.”